சுவத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல

அஸ்னா. முழிச்சிருக்கியா?

நடிக்காத. நீ தூங்குனா வாயத் தொறந்துகிட்டு தூங்குவ. ஸ்கூல்ல இருந்து ட்ரிப் போனப்ப பாத்திருக்கேன்ல.

மெதுவா பேசு. உங்க உம்மாவுக்கு கேட்டுரும். லைட்டையும் போடாத. லைட் எரிஞ்சா என்னால சொல்ல முடியாது. பத்தொம்போது நாளா இருட்டுலயே பேசிப் பேசி, இப்ப வெளிச்சத்துல வாய் வர மாட்டேங்குது.

ராத்திரி சோறு திங்கிறப்ப நீ என்ன ஒரு பார்வ பாத்தல்ல? உங்க வாப்பா சொல்லிட்டு இருந்தாரு, "பாவம், தோட்டத்து சனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஜெனரேட்டர் புக ஆள கொல்லும்னு யாரு போய் சொல்லிக் குடுத்தாங்க?" அப்படின்னு. உங்க உம்மா எனக்கு மீன் துண்டு ஒண்ணு வச்சு, "சாப்பிடு மகள், நீ முழிச்சதால தானே அந்த குடும்பமே தப்பிச்சு"ன்னாங்க. அப்ப நீ தலைய தூக்கி என்ன பாத்த. எனக்கு அதுக்கப்புறம் சோறு எறங்கல.

ஏன்னா எனக்கு தெரியும். நீ தான சொன்ன.

ஞாபகம் இருக்குல்ல? டேர்ம் லீவுக்கு முன்னால, லைப்ரரி படியில உக்காந்து. உங்க கடையில வேல செய்ற றினாஸ் நானா மயங்கி விழுந்தத. பின் ரூம்ல மெஷின வச்சு, மழ அடிக்குதுன்னு கதவ சாத்திட்டாங்கன்னு. "வாசம் பெருசா தெரியாதுடி. தல வலிக்குமாம், தூக்கம் மாதிரி வருமாம், எழும்ப நெனச்சாலும் ஏலாதாம்"ன்னு நீ கண்ண உருட்டிகிட்டு சொன்ன. நான் கூட சிரிச்சேன், றினாஸ் நானா விழுந்தப்ப கையில பாதி கடிச்ச பணிஸ் இருந்துச்சுன்னு சொன்னியே, அதுக்கு.

எனக்கு தெரியும்னு இந்த ஒலகத்துல நீ ஒருத்திக்கு தான் தெரியும். அதான் ஒன்கிட்ட சொல்றேன். சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

உண்மைய சொன்னா தான் சத்தியமா? சரி. உண்மையே சொல்றேன்.

நீ எங்க லயத்துக்கு வந்ததில்ல. ஒரே நீட்டுக் கட்டடம், பத்து வீடு. வீடுன்னா படுக்க ஒரு காம்பரா, பின்னால சமைக்க ஒரு குசினி, முன்னால திண்ண மாதிரி ஒரு இஸ்தோப்பு. மொத்தத்துக்கும் ஒரே தகரக் கூர. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல சுவரு இருக்கு, ஆனா அது கூர வரைக்கும் போகாது. மேல ஒரு முழம் வெறும் ஓட்ட. வெள்ளக்காரன் காலத்துல செங்கல்ல மிச்சம் புடிச்சிருக்கான். அதனால பக்கத்து வீட்டுல தாளிச்சா நமக்கு இருமல் வரும். அவங்க சண்டை போட்டா நமக்கு காது வலிக்கும்.

எங்க பக்கத்து காம்பரா, லயத்துல கடைசி, வீரய்யாவோடது. அவன் வீட்டு கடைசி சுவரு மட்டும் கூர வரைக்கும் போகும். மாமான்னு தான் கூப்புடணும், இனிமே அப்படி சொல்ல மாட்டேன். அவன் கோயில் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு எல்லாம் சவுண்டு செட்டு போடுவான். ஆள் ஒசரத்துக்கு பொக்ஸ் நாலு, ஒரு ஜெனரேட்டர். அவன் பொண்டாட்டி ரெங்கம்மா அத்த. ஒரே மக, நெலா. எங்க தம்பி டிலக்சனோட தான் நேர்சரி போறா. அஞ்சு வயசு.

அந்த பெரிய மழ வந்து மண்ணு சரிஞ்சப்ப, பசறை ரோட்டுல இருந்து எங்க தோட்டத்துக்கு வர்ற கரண்ட் போஸ்ட் பூரா விழுந்துருச்சு. மூணு நாளுன்னாங்க. பெறகு ஒரு வாரம்னாங்க. பெறகு யாரும் ஒண்ணும் சொல்லல. மேட்டு லயத்துல குளுரு எப்படி இருக்கும்னு ஒனக்கு தெரியாது அஸ்னா. உங்க பதுளைக் குளுரு எல்லாம் ஒரு குளுரா? தகரத்துக்கு அடியில வேர்த்து வேர்த்து சொட்டும், சொட்டுறது மூஞ்சில விழுந்தா ஊசி குத்துற மாதிரி இருக்கும். சோடா போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி கால்மாட்டுல வச்சுக்குவோம். ஒரு கட்டில்ல மூணு பேரு, தம்பி நடுவுல. எரிக்கிறதுக்கு வெட்டிப் போட்ட தேயிலக் குச்சி, மிலாறு தான், அதுவும் ஈரம். ஊதுனா புக தான் வரும், நெருப்பு வராது. தம்பிக்கு புக ஆகாதுன்னு அம்மா அடுப்ப வெளில மழைக்குள்ள தூக்கிட்டு போயி கொடைய புடிச்சுகிட்டு சமைச்சாங்க.

தம்பிக்கு வீசிங்குன்னு ஒனக்கு தெரியும்ல. அப்பா கொழும்புல கடையில வேல செஞ்சு, ஆவி புடிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கி அனுப்புனாரு. மருந்த ஊத்தி மூஞ்சில மாட்டிவிட்டா பத்து நிமிஷத்துல மூச்சு சரியாயிரும். ஆனா அதுக்கு கரண்ட் வேணும்ல.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். பெட்டிசம்.

மழைல தகரம் பறந்த வீடுகளுக்குன்னு லயத்துக்கு கூர மேல போட்டு மூட பத்து தறப்பாள் வந்துச்சு. பங்கு போடுறது வீரய்யா, கமிட்டியில இருக்கான்ல. அவன் மட்டும் மூணு எடுத்துகிட்டான். ஒண்ணு இஸ்தோப்புக்கு, ஒண்ணு சவுண்டு பொக்ஸுக்கு. மூணாவத காம்பராவுக்குள்ள தகரத்துக்கு அடியில பந்தல் மாதிரி இழுத்து கட்டி, முன் சுவத்துலயும் பின் சுவத்துலயும் ஆணி அடிச்சான், குளுரு வராம. எங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல. தம்பி கட்டிலுக்கு மேல ஒழுகிட்டு இருந்துச்சு. அம்மா சொல்ல சொல்ல நான் எழுதுனேன், கிராம சேவகர் ஜீ.எஸ் ஐயாவுக்கு. அம்மா பேர்ல. விஜயலெட்சுமின்னு அம்மா கையெழுத்து போட்டாங்க, ஆனா எழுத்து என்னோடது. ஜீ.எஸ் வந்து லயத்துக்கே கேக்குற மாதிரி, "தறப்பாள் எத்தன எடுத்தீங்க?"ன்னு கேட்டுட்டு ஒண்ணுமே செய்யாம போயிட்டாரு. அன்னைல இருந்து எங்க அம்மாவுக்கு லயத்துல பேரு பெட்டிசக்காரி.

அஞ்சாவது நாளு சாயங்காலம் தம்பிக்கு இழுக்க ஆரம்பிச்சுது. வாயில அடிக்கிற பம்ப் முடிஞ்சு ரெண்டு நாளு. நெஞ்சு உள்ள உள்ள போகுது, கழுத்துல குழி விழுது. அம்மா மெஷின நெஞ்சோட அணைச்சு புடிச்சுகிட்டு வீரய்யா வீட்டு இஸ்தோப்புக்கு ஓடுனாங்க. நான் தம்பிய தூக்கிட்டு பின்னாலயே போனேன். அங்க ஜெனரேட்டர் ஓடிட்டு இருக்கு. லயத்து சனம் பாதி அங்க தான், போனுக்கு சார்ஜ் போட்டுகிட்டு, பாட்டு கேட்டுகிட்டு.

"அண்ணே, பத்தே நிமிஷம்ணே. புள்ளைக்கு மூச்சு இழுக்குது."

அவன் திரும்பி கூட பாக்கல. "யாரு? பெட்டிசக்காரியா? தறப்பாள் எண்ண வந்தியா? எண்ணிக்க, எண்ணிக்க."

"அண்ணே, ஒங்கள கும்புடுறேன். வயர மட்டும் குடுங்க."

"இது சவுண்டு செட்டு மெஷின்மா. ஒன் மகன் மூச்சு விடுறதுக்கு மைக்கு கட்டணுமா?"

சிரிச்சாங்க அஸ்னா. எல்லாரும் இல்ல. ஆனா சிரிச்சாங்க.

"போ, போயி ஜீ.எஸ்ஸுக்கு எழுது. ஐயா, என் மகனுக்கு காத்து வரல, ரெண்டு மூட்ட காத்து அனுப்புங்கன்னு. ஒனக்கு தான் எழுத நல்லா வருமே."

அத சொல்றப்ப என்ன பாத்தான். எழுத்து யாரோடதுன்னு அவனுக்கு தெரியும்.

அம்மா மண்டி போட்டாங்க. சிமெந்துல, எல்லாருக்கும் முன்னால. அவன் பாட்டு சத்தத்த கூட்டுனான். அவ்வளவு தான் செஞ்சான். அடிக்கல, தள்ளல. அந்த பொத்தான திருப்புனான்.

பசறைக்கு நடந்தே போனோம். ரோட்டுல மண்ணு கெடக்கு, த்ரீவீல் வராது. போர்வைல தம்பிய கட்டி, ஒரு முனை அம்மா தோள்ல, ஒரு முனை என் தோள்ல. மூணு மணி நேரம். சரிவுல அம்மா விழுந்து முழங்கால் கிழிஞ்சு எலும்பு வெள்ளையா தெரிஞ்சுது. தம்பி ஒதடு நீலமா போயிருச்சு. கொஞ்ச தூரத்துல அவன் அழுகறத நிறுத்திட்டான். அழுதா பரவால்லன்னு இருந்துச்சு எனக்கு. ஆஸ்பத்திரில டொக்டர் அம்மாவ ஏசுனாரு, "இன்னும் அர மணி நேரம் கழிச்சு வந்திருந்தா பொணத்த தான் கொண்டாந்திருப்பீங்க"ன்னு. அம்மா சரிங்க ஐயா, சரிங்க ஐயான்னாங்க.

நாலு நாள்ல ஆஸ்பத்திரில துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து படுத்தா, சுவத்துக்கு அந்த பக்கம் பாட்டு.

அன்னைல இருந்து நான் தெனமும் அவன மனசுக்குள்ள கொன்னேன். கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க சிட்டா போட்டு கணக்கு வப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஒரு நாளு பெட்ரோலுக்குள்ள சீனி போட்டேன். ஒரு நாளு பொக்ஸு நாலையும் கொளுத்துனேன். ஒரு நாளு அவனையே பீலியில, தண்ணி கொட்டுற எடத்துல, தலைய புடிச்சு அமுக்குனேன். எல்லாம் படுத்துகிட்டே தான். காலைல எழும்பி அவன் எதுக்க வந்தா தலைய குனிஞ்சுகிட்டு போவேன். அதுல எனக்கு என் மேலயே அருவருப்பு.

பெறகு கீழ் டிவிஷன்ல யாரோ தண்ணி மோட்டர தூக்கிட்டு போயிட்டாங்கன்னு கத வந்துச்சு. அன்னைக்கே வீரய்யா ஜெனரேட்டர குசினிக்குள்ள தூக்கி வச்சான். கதவ சாத்தி கொண்டி போட்டான். உள்ளயே ஓட்டுனான்.

எனக்கு ஒடனே புரிஞ்சுது. படியில உக்காந்து நீ சொன்னது அப்படியே காதுல கேட்டுச்சு.

மொத நாளு ஒண்ணும் ஆகல. ஏன்னா புக பூரா சுவத்துக்கு மேல ஏறி எங்க பக்கம் வந்துச்சு. தம்பி இருமுறான். அம்மா சுவத்துல தட்டுனாங்க. "அண்ணே, வெளில வைங்கண்ணே!" அந்த பக்கம் அவன் சிரிக்கிறான். "பெட்டிசம் போடு!" ரெங்கம்மா அத்த மெதுவா, "ஏங்க, எனக்கும் தல வலிக்குதுங்க, வெளில வைங்களேன்" அப்படின்னாங்க. "ஒனக்கு எப்ப வலிக்கல"ன்னு ஒரு பதிலு.

காலைல ரெங்கம்மா அத்த நெலாவ கூட்டிகிட்டு, பேக்க தூக்கிகிட்டு கெளம்புனாங்க. ஹாலிஎலயில அவங்க அம்மா வீடு. ரோடு தொறந்துட்டாங்க, ரெண்டு பஸ் ஓடுதுன்னு சொன்னாங்க. நான் இஸ்தோப்புல நின்னு பாத்துகிட்டே இருந்தேன், வளைவுல மறையிற வரைக்கும். நெலா திரும்பி கைய காட்டுனா. நானும் காட்டுனேன்.

அப்ப உள்ள அவன் மட்டும் தான்னு நெனச்சேன்.

அம்மா, "இன்னைக்கும் அந்த புக வந்துச்சுன்னா புள்ள தாங்காதுடி"ன்னாங்க. நான், "மேல அடைச்சிரலாம்மா"ன்னேன். சாதாரணமா தான் சொன்னேன். பொய்யும் இல்லல்ல? தம்பிக்கு புக ஆகாது தான.

உர பேக் அஞ்சாறு எடுத்து அதுக்குள்ள காஞ்ச புல்ல திணிச்சேன். அம்மா மழைக்கு கட்டிகிட்டு மலைக்கு போற பழைய படங்குத் துணிய மேல சுத்துனேன். மேசை மேல முக்காலிய வச்சு ஏறி, சுவரு நீட்டுக்கும் ஓட்ட இல்லாம அடைச்சேன். சின்ன சின்ன எடுக்குல எல்லாம் களிமண்ண கொழைச்சு அப்புனேன், வெரலால. மத்தியானம் பூரா அதே வேல. என் வாழ்க்கைல எதையுமே அவ்வளவு அழகா செஞ்சதில்ல அஸ்னா. அந்த பக்கம் எட்டிப் பாத்தேன். அவன் திருடுன தறப்பாள் பந்தல் மாதிரி இறுக்கமா கெடக்கு. முன்னால பின்னால ஒரு ஓட்ட இல்ல. எங்க பக்கம் மட்டும் தான் தொறந்து இருந்துச்சு. அவன் எங்களுக்கு குடுக்காத தறப்பாளு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. நெஜமா.

அம்மா கீழ நின்னு முக்காலிய புடிச்சுகிட்டு, "கெட்டிக்காரி"ன்னாங்க.

முடிச்சிட்டு நான் தண்ணிக்கு பீலிக்கு போனேன். கியூ. வர்றதுக்குள்ள நல்லா இருட்டிருச்சு.

ஏழு மணி இருக்கும், மெஷின் ஓட ஆரம்பிச்சுது. எங்க பக்கம் துளி புக இல்ல. சத்தம் கூட கம்பளிக்குள்ள வச்ச மாதிரி அமுங்கி வருது. அம்மா, "இப்ப தான்டி மூச்சு விட முடியுது"ன்னு சொல்லிட்டு சுருண்டு படுத்து தூங்கிட்டாங்க. எத்தனையோ நாளைக்கு பெறகு தூங்குறாங்க. நான் முழிச்சுகிட்டு இருந்தேன். பாட்டு ஓடுது. அவன் கூடவே பாடுறான், கட்டக் குரல்ல. பெறகு பாடுறத நிறுத்திட்டான். பாட்டு மட்டும் ஓடுது.

எனக்கு பயமான்னு கேட்டா, இல்ல. திருவிழாவுல தேர் வர்றதுக்கு காத்துகிட்டு நிப்போமே, அந்த மாதிரி. நீ மூஞ்ச திருப்பாத. உண்மைய தான கேட்ட.

தம்பி தூங்கலன்னு எனக்கு தெரியாது. திடீர்னு என் காதுக்குள்ள, "அக்கா, நெலாவுக்கு குட் நைட் சொல்லல"ங்கிறான்.

பெரியவங்க பேசாட்டியும் அவங்க ரெண்டு பேரும் சுவத்துக்கு மேல கத்திக்குவாங்க. தெனமும். அவ 'டிலூ'ங்கணும், இவன் 'நெலா'ங்கணும், அப்ப தான் தூங்குவான்.

"நெலா ஊருக்கு போயிட்டாடா. தூங்கு."

"போகல. பஸ் இல்லன்னு வந்துட்டா. நீ பீலிக்கு போனப்ப எனக்கு பிஸ்கட் குடுத்தாளே. பாதி ஒனக்கு வச்சிருக்கேன்."

தலகாணிக்கு அடியில கைய விட்டு எடுத்து என் கையில வச்சான். நொறுங்கிப் போன பிஸ்கட்டு.

இப்ப சொல்றது தான் அஸ்னா. இதுக்கு முன்னால சொன்னதெல்லாம் யாராவது கண்டுபுடிச்சாலும் கண்டுபுடிப்பாங்க. இது யாருக்கும் தெரியாது.

நான் ஒடனே எழும்பல.

ஒரு பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. அது முடிஞ்சுது. அடுத்த பாட்டு ஆரம்பிச்சு, பாதி போச்சு. அவ்வளவு நேரம் நான் படுத்து கெடந்தேன். கையில பிஸ்கட்ட வச்சுகிட்டு.

என்ன நெனச்சன்னா? நெலா அவன் மக தானன்னு நெனச்சேன். போர்வைல எங்க தம்பி ஒதடு நீலமா கெடந்தத நெனச்சேன். அவனும் தூக்கிகிட்டு ஓடட்டும், அவனுக்கும் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கட்டும், யார் கிட்டயாவது மண்டி போடட்டும், அவங்க பாட்டு சத்தத்த கூட்டட்டும்னு நெனச்சேன். ஒரு புள்ள அழுகறத நிறுத்துனா அப்பனுக்கு எப்படி இருக்கும்னு அவன் பாக்கட்டும்னு. அஞ்சு வயசு புள்ளய வச்சு இத நெனச்சேன். என்னாலயே நம்ப முடியல. ஆனா நெனச்சேன்.

தம்பி எழும்பி கட்டில்ல நின்னுகிட்டு கத்துனான். "நெலா! நெலா!" பதிலு இல்ல. மறுபடியும் கத்துனான். "அக்கா, அவ ஏன் பேசல? என்கூட கோவமா?"

அப்ப தான் எழும்புனேன்.

மேசைய இழுத்து, முக்காலிய வச்சு, ஏறி இழுத்தேன். களிமண்ணு காஞ்சு புடிச்சுகிச்சு. நான் அப்புனது தான, நல்லா அப்பியிருந்தேன். நகம் பேந்து போச்சு, இங்க பாரு, தொட்டுப் பாரு. ஒரு பேக் வந்ததும் குபுகுபுன்னு சூடா புக மூஞ்சில அடிச்சுது. "அம்மா!"ன்னு கத்துனேன் பாரு, பத்து வீடும் எழும்பிருச்சு.

அம்மா தான் மொதல்ல போனாங்க, அந்த காலோட. கதவு கொண்டி போட்டு இருக்கு. தேயில வெட்டுற கவ்வாத்து கத்திய எடுக்குல விட்டு நெம்புனாங்க. எங்களுக்கு அந்த பக்கத்து காம்பரா கருப்பம்மா அக்காவும் புருஷனும் தோள குடுத்து இடிச்சாங்க. ரெங்கம்மா அத்த வாசப்படிக்கு பக்கத்துலயே வாந்திக்குள்ள கெடந்தாங்க. கதவு வரைக்கும் தவழ்ந்து வந்திருக்காங்க, எட்டி தொறக்க முடியல. நெலாவ அம்மா தூக்கிட்டு வந்து இஸ்தோப்புல போட்டாங்க. மூஞ்சு செவசெவன்னு இருந்துச்சு, பொம்மைக்கு ரோஸ் பூசுன மாதிரி. மழத் தண்ணி மூஞ்சில விழுந்துச்சு. விழுந்துகிட்டே இருந்துச்சு. பெறகு அழுதா.

நானும் அழுதேன். எல்லாரும் என்ன கட்டிப் புடிச்சாங்க. "நல்ல வேள நீ முழிச்சிருந்த."

வீரய்யாவ கடைசியா இழுத்தாங்க. அம்மா சட்டக் கொலர புடிச்சு இழுத்துகிட்டு வந்தாங்க. அம்மாவுக்கு எப்படி அந்த பலம் வந்துச்சுன்னு தெரியல.

தம்பிக்கு புக பட்டு மறுபடியும் இழுக்க ஆரம்பிச்சுது. கருப்பம்மா அக்கா புருஷன் கேக்காமயே ஜெனரேட்டர வெளில, வெட்ட வெளியில தூக்கி வச்சு ஓட்டுனாரு. அம்மா ஆவி புடிக்கிற மெஷின எடுத்தாந்து அதுல சொருகுனாங்க. வீரய்யா பக்கத்துலயே தரையில கெடக்கான், எங்க தம்பி அவன் கரண்ட்டுல மூச்சு விடுறான். அத பாத்தப்ப எனக்கு வயிறு குளுந்துச்சு. அதையும் சொல்லிட்டேன்.

பெறகு கொழுந்து லொறில எல்லாரையும் ஏத்தி பதுளைக்கு கொண்டாந்தாங்க. மிச்சம் ஒனக்கு தெரியும். தம்பியும் அம்மாவும் வார்ட்டுல. ரெண்டு கட்டில் தள்ளி நெலா, நல்லா இருக்கா, ஜெலி கேக்குறா. இன்னைக்கு காலைல வீரய்யா முழிச்சிட்டான். கை நடுங்குதாம். சொல்ல வந்தது பாதியில மறந்து போகுதாம்.

ஆனா அம்மா.

சாயங்காலம் உங்க வாப்பா என்ன கூட்டிட்டு வர வந்தாருல்ல, அதுக்கு முன்னால அம்மா என்ன டொய்லட் பக்கம் தனியா கூட்டிட்டு போனாங்க. என் கையப் புடிச்சு நகத்தையே பாத்தாங்க. "புக வராம இருக்க பேக் போதும்டி. களிமண்ணு எதுக்கு?"ன்னாங்க. அம்மா குழாய தொறந்து என் நகத்துக்குள்ள இருந்த மண்ண ஒவ்வொண்ணா கழுவி விட்டாங்க. "யாராவது கேட்டா குளுருக்கு அடைச்சோம்னு சொல்லு. நீ இல்ல, அம்மா அடைச்சாங்கன்னு சொல்லு." அவ்வளவு தான். மூஞ்சில கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அது தான் ரொம்ப பயமா இருக்கு. பொலிஸ் வந்து கேட்டா அம்மா அப்படியே சொல்லிட்டு போயிருவாங்க. தம்பி சின்னப் புள்ள. அதனால தான் சொல்றேன், நீ எனக்கு அந்த றினாஸ் நானா கதைய சொல்லவே இல்ல. சரியா? உங்க வாப்பா கேட்டாலும் சொல்லல. எங்களுக்கு தெரியாது. தோட்டத்து சனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. உங்க வாப்பாவே சொன்னாருல்ல.

நாளைக்கு காலைல அவன பாக்க போகணும். கேட்டானாம். "என்ன காப்பாத்துன புள்ளய கொண்டாங்க, அது கால்ல விழணும்"னு சொன்னானாம், வார்ட்டுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி. உங்க உம்மா சொல்றாங்க, "அவர் வயசுல மூத்தவர், விழ விடாத மகள்"னு.

நான் விழ விட போறேன் அஸ்னா.

கண்டிப்பா போவேன். எங்க அம்மா மண்டி போட்ட மாதிரி அவன் போடணும். பெட்டிசக்காரின்னு சொன்ன வாயால அம்மாவ தாயேன்னு கூப்புடணும். நான் நின்னு பாப்பேன். தூக்கி விட மாட்டேன். அவன் நன்றி சொல்ல சொல்ல, நான் தான்டா அடைச்சேன், நான் தான்டா அடைச்சேன்னு மனசுக்குள்ள சொல்லிகிட்டே இருப்பேன். வாய் தவறி வெளில வந்துருமோன்னு தான் பயமா இருக்கு. நெலா கட்டில் பக்கம் மட்டும் போக மாட்டேன். அவ எனக்கு கைய காட்டுவா.

உங்க வீட்டு பிரிட்ஜ் இப்படியே தான் ராத்திரி பூரா சத்தம் போடுமா? அது நிக்கிறப்ப எல்லாம் எனக்கு தூக்கி வாரிப் போடுது.

ஏன் பேச மாட்டேங்கிற?

என்ன? கேக்கல. கிட்ட வந்து சொல்லு.

நெலா அங்க இல்லாம, அவன் மட்டும் உள்ள இருந்திருந்தா எழும்பியிருப்பியான்னு கேக்குறியா?

நீ ஏன் இத கேக்குற. நான் தான் எல்லாம் சொல்லிட்டேனே. எழும்புனேன்ல? கடைசில எழும்பி நான் தான இழுத்தேன்? நகத்த தொட்டுப் பாத்தல்ல?

சரி. சரி, சத்தம் போடாத. உண்மைய சொல்றேன்னு சொன்னேன்.

எழும்பியிருக்க மாட்டேன். தூங்கியிருப்பேன். நல்லா தூங்கியிருப்பேன்.

அஸ்னா?

தலகாணிய எடுத்துகிட்டு எங்க போற? உம்மாகிட்டயா? சத்தியம் பண்ணுனல்ல. சொல்ல மாட்டல்ல?

சும்மா தூங்க தான் போறியா? என் பக்கத்துல படுக்க பயமா இருக்கா?

சரி. போ. நான் ஒண்ணும் சொல்லல.

கதவ மட்டும் சாத்தாத.